துத்தம், சுண்ணாம்பு, வெள்ளிக் கம்பி: வீட்டில் கலக்கத் தொடங்குபவர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. வீட்டையொட்டி ஒரு சின்னப் பந்தல், அதில் பன்னீர் திராட்சை. இந்த இரண்டு காரணத்துக்காகவும் இளசுகள் என்னிடம் வருகிறார்கள். சிலர் கையில் கருகிய தக்காளி இலை இருக்கும். சிலர் கையில் செல்போன். அதில் யாரோ மூன்று பேட்டரி, இரண்டு வெள்ளிக் கம்பியை வைத்து ‘வெள்ளித் தண்ணீர்’ தயாரித்து, எல்லா நோய்க்கும் மருந்து என்று குடித்துக் காட்டுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் ஒரு தராசு வாங்குங்கள். சமையலறைக்கு விற்கிறார்களே, ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, அது போதும். தாமிரமும் வெள்ளியும் கிருமியைக் கொல்லுமா என்பதில் சண்டையே இல்லை, கொல்லும். இந்த உலோகங்களின் அயனிகள் நுண்ணுயிரின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் முடக்கிவிடுகின்றன. ஆனால் நம் உடம்பும் புரதத்தால் ஆனதுதான். ஆகவே இதில் கேள்வியெல்லாம் ‘எவ்வளவு’ என்பது மட்டுமே. எடை போட்டுச் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று செய்த உங்களாலேயே சொல்ல முடியாத ஒன்றைச் செய்யாதீர்கள். கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

2. எதற்காகச் செய்கிறீர்கள் என்று முடிவெடுத்த பிறகு கடைக்குப் போங்கள். இலைக்கா, குடிதண்ணீருக்கா, புண்ணுக்கா? ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்குத் தொடக்கூடாது. திராட்சை இலைக்கு அடிக்கிற ஒரு சதவீதக் கலவையில் லிட்டருக்குச் சுமார் 2,500 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். குடிதண்ணீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். நம் நாட்டுத் தர நிர்ணயம் இன்னும் கறார்: வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை விடலாம், மற்றபடி 0.05. வெள்ளிக்கோ வெறும் 0.1 மில்லிகிராம். புண்ணுக்கு வீட்டில் எதையும் செய்ய வேண்டாம். தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரியில் போடும் வெள்ளிக் களிம்பு இருக்கிறது. அதை மருத்துவர் எழுதிக்கொடுக்கட்டும்.

3. மயில்துத்தத்தைப் பார்த்து வாங்குங்கள். உரக்கடையிலும் கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். துருசு என்றாலும் காப்பர் சல்பேட் என்றாலும் இதுதான். கட்டி கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பளிச்சென்று நீலமாக இருக்க வேண்டும். பச்சை அடித்தால் இரும்புச் சத்து கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் படிகத்துக்குள் இருந்த நீர் போய்விட்டது என்று அர்த்தம்; அதே எடையில் தாமிரம் கூடுதலாக இருக்கும், உங்கள் கணக்கு தப்பும். நல்ல படிகத்தில் கால் பங்குதான் தாமிரம், மீதி கந்தகமும் ஆக்ஸிஜனும் நீரும். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அண்டாமலிருக்க ஒரு சிட்டிகை துத்தம் போடுவார்கள், புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் இதைச் சாதாரணச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. வயிற்றுக்குள் போனால் விஷம்.

4. பாத்திரம்: பிளாஸ்டிக், மண், மரம். இரும்பு வாளி, தகர வாளி, அலுமினியக் குண்டான் எதுவும் ஆகாது. துத்தக் கரைசலில் இரும்பை வைத்தால் இரும்பு கரையும், அந்த இடத்தில் தாமிரம் வந்து படியும். பள்ளிக்கூடத்தில் ஆணியை வைத்துச் செய்து காட்டுகிற பரிசோதனைதான். வாளியும் போச்சு, மருந்தும் போச்சு.

5. சுண்ணாம்பில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். துத்தத்தை மட்டும் கரைத்து இலையில் அடித்தால் இலை வெந்துபோகும். சுண்ணாம்பு சேரும்போதுதான் அது சாந்தமாகி, கரையாத மெல்லிய படலமாக இலையில் உட்காருகிறது. இதற்கு வேண்டியது சுட்ட கல் சுண்ணாம்பு, நீற்றாதது. கையில் எடுத்தால் கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் சூடாகி, சீறி, வெடித்து மலர வேண்டும். சாக்கில் பல மாதம் கிடந்து தானாகவே மாவாக உதிர்ந்தது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்துச் செத்த சுண்ணாம்பு. அதை வெள்ளையடிக்கக்கூட நான் வாங்கமாட்டேன். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைப் போடலாமா என்று மாடித்தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். போடலாம்தான், ஆனால் அதில் தண்ணீர் எத்தனை பங்கு என்று யாருக்குத் தெரியும்? தராசு வாங்கியது வீணாகிவிடும். பொட்டலத்தில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூள் புதிதாக இருந்தால் பயன்படுத்தலாம். அப்போது பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று என்ற கணக்கில் எடுங்கள், ஏனென்றால் எடையில் ஒரு பங்கு தண்ணீர்.

சுண்ணாம்பு நீற்றும்போது குனிந்து பார்க்காதீர்கள். கண்ணில் தெறித்தால் துத்தத்தைவிட இதுதான் மோசம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி.

6. இப்போது கலவை. போர்டோ கலவை என்று விவசாயத் துறைக் கையேடுகளில் எல்லாம் இருக்கிறது. ஒரு சதவீதம் என்றால் ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். மாடித்தோட்டத்துக்குப் பத்து லிட்டரே அதிகம். 100 கிராம், 100 கிராம்.

முதல் நாள் ராத்திரி துத்தத்தைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஐந்து லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, மூட்டை தண்ணீரின் மேல்மட்டத்தில் நனைகிற மாதிரி தொங்கவிடுங்கள். அடியில் போட்டுக் கிளறுவதைவிட இது சுலபம். கரைசல் கனமானது, தானே நூல் நூலாகக் கீழே இறங்கும், புதுத் தண்ணீர் மேலே வரும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் அந்த நீல நூல்கள் இறங்குவது தெரியும். காலையில் துணி காலியாகியிருக்கும். கட்டியை இடித்துப் பொடியாக்கி, வெந்நீர் ஊற்றி அவசரப்படுத்துகிறவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள்.

காலையில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, ஆறவிட்டு, மிச்ச ஐந்து லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயரின் மூக்கு அடைத்துக்கொண்டு அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

இனி எதை எதில் ஊற்றுவது? துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றாதீர்கள். ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் மரக்குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது வாளியில் விடலாம். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றினால் ஆரம்பத்தில் வாளி முழுக்கப் புளிப்புத்தன்மையில் இருக்கும், அந்த நிலையில் உருவாகிற துகள் தடித்துப்போகும், சீக்கிரம் அடியில் தங்கும், இலையில் ஒட்டாது. சரியான வரிசையில் ஊற்றினால் வான நீலத்தில், கூழ்போல், அடியில் இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும் கலவை கிடைக்கும். இரண்டும் ஆறியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

7. கத்திச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியையோ பண்ணரிவாளையோ கலவைக்குள் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். எவர்சில்வர் கத்தி ஆகாது. முனையில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் இன்னும் மீதமிருக்கிறது. சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, திரும்பப் பாருங்கள். நிறம் மாறாமல் வந்தால் அடிக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணக்குப் போட்டால், 100 கிராம் துத்தத்துக்கு நல்ல சுண்ணாம்பு 22, 23 கிராமே போதும். நாம் 100 போடுகிறோம், மீதியெல்லாம் காவலுக்கு. சம எடை போட்டும் கத்தி சிவந்தால், உங்கள் சுண்ணாம்பில் முக்கால் பங்குக்கு மேல் செத்துப்போயிற்று என்று பொருள். சுண்ணாம்பைக் கூட்டி அன்றைய வேலையை முடியுங்கள்; கடையை மாற்றுங்கள்.

8. நோய் வந்த பிறகு ஓடிவராதீர்கள். போர்டோ கலவை காவல்காரன்தான், வைத்தியன் இல்லை. இலைக்குள் இறங்கிவிட்ட பூஞ்சையை அது துரத்தாது. இலைமேல் வந்து விழுகிற வித்துகளை, பனியிலும் மழையிலும் துளித்துளியாகக் கசியும் தாமிரத்தால் கொல்லும். அதனால் மழைக்கு முன், கவாத்துக்குப் பின் துளிர் விரியும் காலத்தில் அடிக்க வேண்டும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையே இதைச் சொல்லும். பிரான்சில் போர்டோ வட்டாரத்தில் 1870களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் வந்து திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே 1882-ல் மெடாக் பகுதியில் சாலையோரம் போகும்போது பார்த்தால், பாதையை ஒட்டிய வரிசைகளில் மட்டும் இலை உதிரவில்லை. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, தோட்டக்காரர்கள் அந்த வரிசைகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து அருவருப்பாக்கி வைத்திருந்தார்கள். திருடனுக்கு வைத்தது பூஞ்சையைப் பிடித்தது. மில்லார்டே சும்மா வியந்துவிட்டுப் போகவில்லை; வேதியியலாளர் கேயோனுடன் சேர்ந்து எடை போட்டுப் போட்டுப் பார்த்து 1885-ல் அளவை வெளியிட்டார். எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு வருவதும் அதே அடிச்சாம்பல் நோய்தான். இலையின் மேல்பக்கம் எண்ணெய் தடவிய மாதிரி மஞ்சள் புள்ளி, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். ஆகவே மூக்கைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் அடியுங்கள். மேல்பக்கத்தை நீலமாக்கிவிட்டுப் படம் எடுத்துப் போடுவதால் பயனில்லை.

வெயில் ஏறி இலை காய்கிற நாளில் அடியுங்கள். மப்பும் மந்தாரமுமாக, அடித்தது நாள் முழுக்கக் காயாத நாளில் இலை பொசுங்கும். கீரைக்கு அடிக்கவே வேண்டாம். பழம் பறிக்கும் காலம் நெருங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள்; எத்தனை நாள் இடைவெளி என்பதை உங்கள் பயிரைச் சொல்லித் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள்.

9. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடியுங்கள். மறுநாள் அது வேறு சரக்கு.

10. வெட்டுக்காயத்துக்குப் பசை. கவாத்து செய்த கிளையின் வெட்டுவாய், தென்னையில் சாறு வடியும் இடத்தைச் செதுக்கிய காயம், இவற்றுக்கெல்லாம் போர்டோ பசை. அளவு பத்து மடங்கு: ஒரு கிலோ, ஒரு கிலோ, பத்து லிட்டர். வீட்டில் நாலு மரம் என்றால் 50 கிராம், 50 கிராம், அரை லிட்டர். பிரஷ்ஷால் பூசுங்கள்.

11. இனி குடிதண்ணீருக்கு வருவோம். செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம், கோயில் தீர்த்தமும் செம்பில்தான். அதில் விஷயம் இருக்கிறது. பெங்களூரில் ஓர் ஆயுர்வேத ஆய்வு நிறுவனத்தார் காலரா, டைஃபாய்டு, சீதபேதிக் கிருமிகளைத் தண்ணீரில் விட்டுச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் வந்த அந்த ஆய்வில், பிறகு கிருமிகளை அவர்களால் வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கியிருந்த தாமிரமோ லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் கீழே. நீங்கள் எடை போடாமலே அளவு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் நிற்பதற்குக் காரணம், சாதாரணத் தண்ணீரில் செம்பு அவ்வளவு மெதுவாகக் கரைவதுதான்.

ஆனால் 16 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். காலையில் நிரப்பி மத்தியானம் குடித்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஈயம் பூசிய அண்டா என்றால் தண்ணீர் தொடுவது ஈயத்தையே, செம்பை இல்லை. கலங்கல் தண்ணீரில் சேறும் அழுக்கும் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பு, ஃபுளோரைடு இதையெல்லாம் செம்பு நீக்காது. ஊரில் வயிற்றுப்போக்கு பரவியிருக்கும் சமயத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஒன்றுதான், குடத்தை நம்பவேண்டாம்.

12. செம்பில் எலுமிச்சைச் சாறு, மோர், ரசம், புளித்தண்ணீர் வைக்கக்கூடாது. புளிப்பு பட்டதும் அந்த மெதுவான கணக்கு உடைந்துவிடும், குமட்டல், வாந்தி வரும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவிய பிறகே தண்ணீர் பிடியுங்கள். இரவு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து செம்புப் பாட்டிலில் ஊற்றிவைத்துக் காலையில் ‘டீடாக்ஸ்’ என்று குடிக்கும் புதுப் பழக்கம் செம்பையும் புளிப்பையும் ஒன்றாக்கிக் கெடுத்தது. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு, பரம்பரையில் வருவது, அவர்கள் உடம்பு தாமிரத்தை வெளியேற்றாது. அந்த வீட்டில் செம்புக் குடமே வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும் சாதாரணத் தண்ணீர்.

13. வெள்ளித் தண்ணீர் செய்யாதீர்கள். வெள்ளியை நான் மட்டமாகப் பேசவில்லை. 1880களில் லைப்சிக் மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டு எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றினார். அவர் விட்டது இரண்டு சதவீதக் கரைசல், ஒரு சொட்டு. அளவு தெரிந்து செய்தார்.

பேட்டரிக்காரர்கள் செய்வதைப் பாருங்கள். ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால், ஃபாரடே கணக்குப்படி நாலு மில்லிகிராம் வெள்ளி கம்பியிலிருந்து கழன்றுவரும். அது ஒரு லிட்டரில் என்றால் குடிநீர் வரம்பைப்போல் நாற்பது மடங்கு. ஆனால் அந்த நாலும் தண்ணீரில் நிற்குமா? கொஞ்சம் எதிர்க்கம்பியில் கறுப்பாகப் படியும், கொஞ்சம் சேறாக அடியில் விழும், கொஞ்சம் அயனி, கொஞ்சம் துகள். டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்க்கிறோமே என்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்துகிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் கருவி. வெள்ளித் துகளை அது எண்ணாது. சீக்கிரம் ஆகட்டும் என்று ஒரு சிட்டிகை உப்பைப் போடுகிறவர்கள் கதை இன்னும் மோசம்: தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அது வெள்ளி குளோரைடு. கொலுசை அறுத்து மாட்டினால் அதில் கலந்திருக்கும் மற்ற உலோகமும் கூடவே வரும்.

இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? வெள்ளி தோலில் தங்கும். வெளிச்சம் பட்டு, அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நடந்த அதே வேதிவினை தோலுக்குள் நடக்கும். முகமும் கையும் சாம்பல் நீலமாகும், பெரும்பாலும் மாறாது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் 2002-ல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் இப்படித்தான் நீலமானார். 2000 பிறக்கும்போது கணினிகள் எல்லாம் நின்றுபோய் மருந்து கிடைக்காது என்று பயந்து, 1999 முதல் வீட்டிலேயே செய்து குடித்தவர். அதே 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடையில் விற்கும் வெள்ளிக் கரைசல்களைப் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று விதி போட்டுவிட்டது. இன்னொரு சங்கடம்: தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடம்பில் சேர்வதை வெள்ளி தடுக்கும்.

குடிநீருக்கு வெள்ளியைச் சரியாக விடுவது எவ்வளவு சிரமம் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர், ஏழை வீடுகளுக்கான வடிகட்டியில் வெள்ளி அயனியை வரம்பில் பாதிக்கும் குறைவாக, மாறாத அளவில் கசியவைக்கும் பொருளை உருவாக்கி 2013-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். அந்த ஒரே சீரான கசிவுக்காகத்தான் அவ்வளவு ஆராய்ச்சி. கிளிப்பும் கம்பியும் அதைச் செய்யாது.

14. ஏற்கெனவே வெள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதோடு சேர்த்து. கம்பியைத் தட்டானிடம் கொடுத்தால் காசு கிடைக்கும்.

15. கடைசியாக, மீந்ததை என்ன செய்வது. ஸ்பிரேயரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கண்மாயிலோ கழுவாதீர்கள். மீனுக்குத் தாமிரம் கடும் விஷம். கழுவிய தண்ணீரை அன்று மருந்து அடித்த செடிகளுக்கே அடித்துவிடுங்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் கொட்டினால் மண்ணில் தாமிரம் சேர்ந்துகொண்டே போகும், மட்காது, மண்புழு குறையும். ஐரோப்பாவில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருடத்துக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். நீல வாளியில் ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் தாங்காது. துத்தம் பார்க்கக் கற்கண்டு மாதிரி இருப்பதால் குழந்தை எட்டாத உயரத்தில், பெயர் எழுதிய டப்பாவில், பூட்டி வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் கரைசலை ஊற்றி வைக்கும் வேலை கூடவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.